மோட்டார் சைக்கிளும் கறளும்: மினுக்க முன் கழுவுங்கள்

2009 மே மாதத்தின் பின் முல்லைத்தீவுக் கரையோரம் சென்றவர்கள் அந்தக் குவியல்களை மறந்திருக்க மாட்டார்கள். மோட்டார் சைக்கிள்கள், சைக்கிள்கள், உழவு இயந்திரங்கள் எல்லாம் மணலில் விட்டது விட்டபடி கிடந்தன. பின்னர் அவை இழுத்துச் சேர்க்கப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்கப்பட்டன. ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் நந்திக்கடல். இரண்டு பக்கத்தாலும் உப்புக்காற்று வீசும் இடம் அது.

முகாமிலிருந்து மீண்ட ஒரு விவசாயியோடு, அவருடைய வண்டியைத் தேடி நாமும் ஒருமுறை போயிருந்தோம். கையில் பதிவுப் புத்தகம் இருந்தது. இடப்பெயர்வுகள் அத்தனையிலும் அதைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டே வந்திருந்தார். வண்டியைக் கண்டதும் தன்னுடையதுதான் என்றார். சீற்றின் ஓரத்தில் மனைவி போட்ட தையல் அப்படியே இருந்தது. ஆனால் தையலை யாரும் அத்தாட்சியாக ஏற்பதில்லை. சட்டத்தின் கழுத்தில் அடித்திருக்கும் இலக்கத்தை வாசிக்க வேண்டும். போத்தலில் கொண்டுபோன மண்ணெண்ணெயை ஊற்றி, பழந்துணியால் அரைமணி நேரம் தேய்த்தார். செதில் செதிலாகக் கறள் கழன்று விழுந்ததே தவிர, கடைசி மூன்று இலக்கங்கள் வரவேயில்லை. கறள் அவற்றைத் தின்றுவிட்டிருந்தது. கேட்டவர்களையும் குறை சொல்ல முடியாது. அதே நிறத்தில், அதே வகையில் எத்தனையோ வண்டிகள் அங்கே கிடந்தன. புத்தகத்தை மறுபடியும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு அவர் எம்மோடு பஸ் ஏறினார்.

மோட்டார் சைக்கிளை மினுக்குவது பற்றி எழுதும்போது இந்தக் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மினுக்குவதை இளைஞர்களின் பகட்டு என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். காணியையும் வீட்டையும் கிணற்றையும் விட்டு வந்த குடும்பத்துக்கு, கூடவே வந்த சொத்து என்று சொல்ல இருப்பது பெரும்பாலும் ஒரு மோட்டார் சைக்கிள்தான். அதில்தான் மரக்கறி சந்தைக்குப் போகிறது, பசளை வயலுக்குப் போகிறது, பிள்ளை வைத்தியசாலைக்குப் போகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய வண்டிகளின் விலை எங்கே போய் நின்றது என்பது உங்களுக்குத் தெரியும். இருபது முப்பது வருடம் ஓடிய வண்டியையே இன்னும் பத்து வருடம் ஓட்ட வேண்டிய நிலையில் இருக்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

கறள் எப்படிப் பிடிக்கிறது?

சாதாரண தரத்தில் படிக்கும் உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். மூன்று சோதனைக் குழாய்களில் மூன்று இரும்பாணிகளைப் போட்டு வைத்த பாடத்தைச் சொல்லித் தரும். கொதித்தாறிய நீரில் போட்டு மேலே எண்ணெய் விட்ட ஆணி கறள் பிடிக்காது. ஈரமே இல்லாத குழாயில் உள்ளதும் பிடிக்காது. நீரும் காற்றும் ஒருங்கே பட்ட ஆணிதான் கறள் கட்டும். காற்றிலுள்ள ஒட்சிசனும் நீரும் சேர்ந்தே இரும்பைத் தின்கின்றன. இரண்டில் ஒன்றை விலக்கினால் போதும்.

இதற்கு எம்மவர் வாழ்க்கையிலும் ஒரு சாட்சி உண்டு. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது, நீரிறைக்கும் இயந்திரத்தைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டுப் போன ஒருவரை நமக்குத் தெரியும். அடுத்த வருடம் திரும்பிவந்து மேலே எடுத்தபோது நினைத்த அளவுக்குக் கறள் இருக்கவில்லையாம். கிணற்றின் அடியில் அசையாமல் நிற்கும் நன்னீரில் ஒட்சிசன் குறைவு என்பதே காரணம். மகிழ்ச்சியில் அதை முற்றத்தில் வைத்துவிட்டு அன்றிரவு தூங்கிவிட்டார். விடிந்து பார்த்தபோது இயந்திரம் செங்கல் நிறத்தில் இருந்தது. எடுத்தவுடன் துடைத்து எண்ணெய் பூசியிருந்தால் அது நடந்திராது. நனைந்த இரும்பு காற்றைக் கண்ட பிறகு அதற்கு ஓர் இரவு போதும்.

இரும்பின் கறள் பஞ்சு போன்றது. தான் பிறந்த இரும்பைவிடக் கூடிய இடம் பிடித்து உப்பும். உப்பியது வெடித்து உதிரும். உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்பட்டு மறுபடியும் கறள் கட்டும். பஞ்சு போல ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அலுமினியம் அப்படியல்ல. காற்றுப் பட்டவுடன் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று உண்டாகி, உள்ளே உள்ளதைக் காக்கிறது. குரோமியத்துக்கும் இதே குணம் உண்டு. அதனால்தான் அவை வெள்ளையாகவே இருக்கின்றன.

எல்லாக் காவலையும் உடைப்பது உப்பு. உப்புக் கரைந்த நீர் மின்னை நன்றாகக் கடத்தும். கறள் பிடிப்பது உண்மையில் மிகச் சிறிய மின்னோட்டத்தோடு நடக்கும் வேலை என்பதால், உப்பு நீரில் அது பலமடங்கு விரைவாக நடக்கிறது. உப்பிலுள்ள குளோரைட்டு, அலுமினியத்தை மூடியிருக்கும் படலத்தையும் துளைக்கிறது. காற்றின் ஈரத்தை உப்பு தானே இழுத்துக்கொள்ளும் என்பது இன்னொரு கெடுதி. மழையே இல்லாத இரவிலும் உப்புப் படிந்த இரும்பு நனைந்தே இருக்கிறது.

சோளகம் வீசும் மாதங்களில் மன்னாரிலும் தீவுப்பகுதியிலும் கண்ணாடியில் விரலை வைத்து நக்கிப் பாருங்கள், கரிக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் முல்லைத்தீவுக்கும் வடமராட்சிக்கும் அதே நிலைதான். கடலிலிருந்து தள்ளி வன்னிக்குள் இருக்கிறோம், எமக்கென்ன என்று விவசாயிகள் நினைக்கலாம். அவர்களுக்கும் உப்பு வருகிறது, பசளைப் பையில். எம்.ஓ.பி. என்று நாம் வாங்கும் பசளை பொற்றாசியம் குளோரைட்டு. அதுவும் ஓர் உப்புத்தான். இரும்புக்கு அது செய்யும் வேலை கடலுப்புச் செய்யும் வேலையிலிருந்து பெரிதாக வேறுபடாது. யூரியாவும் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். கிழிந்த பையைக் கரியரில் கட்டிப் போகும்போது சிந்துவது பின் மட்காட்டுக்கும் சீற்றுக்கும் இடையில் போய்ச் சேற்றோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே யாரும் பார்ப்பதில்லை.

நாமும் பார்க்கவில்லை. எமது நிலையத்து வண்டி வெளியே பளபளவென்றிருக்கும், தாங்கியில் முகம் பார்க்கலாம். ஒருநாள் ஐம்பது கிலோ மூடையைக் கட்டிக்கொண்டு போகையில் கரியர் மட்காட்டோடு இறங்கிப் பின் ரயரில் அமர்ந்துவிட்டது. வேகம் இல்லாதபடியால் முழங்காலோடு தப்பினோம். கழற்றிப் பார்த்தால், கரியர் பூட்டியிருந்த தகடு உள்பக்கத்தால் உக்கி, அப்பளம் போல் கையோடு வந்தது. மேலே மட்டும் பெயின்ற் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

கழுவுதல்தான் முதல் வேலை

மினுக்கம் வேறு, காப்பு வேறு என்று அன்று புரிந்துகொண்டோம். காப்பு என்பதில் பெரும்பங்கு கழுவுவதுதான், அதுவும் நல்ல நீரில் கழுவுவது. கரையோரக் குடியிருப்புகளில் பல கிணறுகள் உவர். குடிக்கவே உதவாத நீரை வண்டிக்கு ஊற்றினால் என்ன என்று எண்ணி அதில் கழுவுகிறோம். நீர் காய்ந்ததும் உப்பு அங்கேயே நிற்கும். அப்படிக் கழுவுவதைவிடக் கழுவாமல் விடுவது ஒருவேளை நல்லது. நன்னீருக்குப் பஞ்சம் என்றால், சேற்றை உவர்நீரால் கழுவிவிட்டுக் கடைசியாக ஒரு வாளி நன்னீரை மேலிருந்து கீழாக ஊற்றுங்கள். மழைநீரைப் பிடித்து வைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. தறப்பாளால் வழியும் நீர் ஒரு வாளி போதும்.

ஓடிவந்த சூட்டோடு கழுவக் கூடாது. சூடான சைலன்சரில் குளிர்நீர் பட்டால் முலாம் வெடிக்கும். எஞ்சின் கைவைக்கும் அளவுக்கு ஆறட்டும். சவர்க்காரத்தூள் காரமானது, மிஞ்சி நின்றால் அலுமினியத்தை மங்கச் செய்யும். கடையில் தொங்கும் சிறிய ஷாம்புப் பைக்கற் ஒன்று ஒரு வண்டிக்குத் தாராளம். பொச்சுத் தும்பால் தேய்க்க வேண்டாம். சேற்றில் மணல் இருக்கிறது, தும்பு அதை அரத்தாளாக மாற்றிவிடும். முதலில் நீரை ஊற்றி ஊறவிட்டு மண்ணைக் கரைத்து இறக்கிவிட்டு, பிறகு பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். சேர்விஸ் நிலையத்தில் பாய்ச்சும் அழுத்த நீர் பார்வைக்கு நல்ல வேலை செய்யும். ஆனால் சில்லின் நடுவிலுள்ள போல்களுக்குள்ளும் செயின் மூட்டுகளுக்குள்ளும் நீரை ஏற்றிவிடும். அதை வருடத்துக்கு ஒருமுறை வைத்துக்கொண்டால் போதும் என்பது எமது எண்ணம்.

கையை மட்காட்டின் கீழே விடுங்கள். ஸ்ராண்ட் பூட்டியிருக்கும் மூட்டு, பற்றரிப் பெட்டியின் அடி, செயின் மூடியின் உட்புறம், சீற்றின் அடித்தகடு, இவைதான் உக்கும் இடங்கள். சேறு ஒட்டியிருக்கும் இடமெல்லாம் நாலு நாளைக்கு ஈரமாயிருக்கும். பற்றரியிலிருந்து வடியும் அமிலம் பெயின்றையும் இரும்பையும் சேர்த்து எரிக்கும். அங்கே அப்பச்சோடாவை நீரில் கரைத்து ஊற்றினால் நுரைக்கும். நுரை அடங்கும்வரை ஊற்றிப் பிறகு கழுவிவிடுங்கள். அந்த நீர் பற்றரிக்குள் மட்டும் போகக் கூடாது.

கழுவிய வண்டியை அப்படியே கொட்டிலுக்குள் விடுவது பெரும்பிழை. துணியால் துடைத்து, வீதியில் ஒரு மைல் ஓட்டி வாருங்கள். காற்றும் எஞ்சின் சூடும் இடுக்குகளிலுள்ள நீரைக் காயவைக்கும்.

2004 டிசம்பர் 26 இல் கடல்நீருக்குள் மூழ்கிய வண்டிகளை வைத்திருந்தவர்கள் இதைக் கடுமையாகக் கற்றார்கள். இனியும் வெள்ளமோ கடலோ வண்டியை மூடினால், தயவுசெய்து உதைத்து ஸ்ராட் பண்ணிப் பார்க்காதீர்கள். உள்ளே நீர் இருந்தால் எஞ்சின் முறியும். முதலில் நன்னீரால் முழுவதும் கழுவி, பிளக்கைக் கழற்றி, ஒயிலையும் பெற்றோலையும் வடித்துவிட்டு, பிளக் ஓட்டையால் சிறிது எஞ்சின் ஒயில் விட்டு மெதுவாக உதைத்து நீரை வெளியேற்றுங்கள். நாள் பிந்தப் பிந்த உள்ளே இருக்கும் இரும்பு இறுகிக்கொள்ளும்.

மினுக்கும் போது கெடுப்பது

இனி மினுக்குவதற்கு வருவோம். ரிம், சைலன்சர், ஹாண்டில் போன்றவற்றில் பளபளப்பது குரோமியம். அது எவ்வளவு தடிப்பு என்று நினைக்கிறீர்கள்? ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதன் கீழே நிக்கல் முலாம் மில்லிமீற்றரின் நூறில் ஒன்றிரண்டு பங்கு இருக்கும். அதற்குக் கீழே வெறும் இரும்பு. குரோமியம் கறள் பிடிப்பதில்லை. அதிலுள்ள நுண்ணிய துவாரங்களாலும் வெடிப்புகளாலும் நீர் இறங்கி, அடியிலுள்ள இரும்பு கறள் பிடித்து, அது புள்ளி புள்ளியாக மேலே வருகிறது. நாம் காணும் சிவப்புப் புள்ளி கீழிருந்து வந்த செய்தி.

சின்ன வயதில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டு விளக்கிய பழக்கத்தில், ஒரு திருநாளுக்கு முதல்நாள் எமது வண்டியின் ரிம்மையும் அவ்வாறே விளக்கினோம். அன்று கண்ணைப் பறித்தது. சில மாதங்களில் ரிம் மஞ்சள் பூத்து மங்கியது, அடுத்த மாரியோடு சிவந்தது. சாம்பலிலுள்ள மணல் குரோமியத்தைச் சுரண்டி எடுத்துவிட்டது. மஞ்சளாகத் தெரிந்தது நிக்கல். புளி கழுவப்படாமல் கம்பிகள் ரிம்மோடு சேரும் குழிகளில் நின்று தன் வேலையைச் செய்தது. பித்தளை முழுத் தடிப்பும் பித்தளை, எத்தனை முறை சுரண்டினாலும் உள்ளே அதேதான் இருக்கும். முலாம் அப்படியல்ல, போனால் போனதுதான். செங்கட்டித்தூள், அரத்தாள், பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பி ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

குரோமியத்தில் புள்ளி கண்டால், கடையில் சாப்பாடு சுற்றித் தரும் அலுமினியத் தாளை எடுத்துக் கசக்கி உருட்டுங்கள். நீரில் தோய்த்து அந்தப் புள்ளியின் மேல் மெதுவாகத் தேயுங்கள். பிடிவாதமான கறளுக்கு நீருக்குப் பதில் வினாகிரி. அலுமினியம் குரோமியத்தைவிட மிகவும் மென்மையானது, ஆகவே முலாமைக் கீறாது. கறளை மட்டும் வழித்து எடுக்கும். கறுப்பான சேறு போல ஒன்று வரும், துடைத்துவிட்டுப் பாருங்கள். இதைச் செய்து காட்டியபோது ஒரு தாய், "இந்தத் தாளை இத்தனை நாளும் குப்பையிலயோ போட்டனாங்கள்?" என்று கேட்டார். வினாகிரி பட்ட இடத்தை உடனே நன்னீரால் கழுவித் துடைத்துவிடுங்கள். புள்ளி இருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத குழி ஒன்று நிற்கும். அதற்குள் எண்ணெயோ மெழுகோ போகாவிட்டால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே புள்ளி வரும். மினுக்கிய உடனே பூச வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

எஞ்சின் மூடிகள் அலுமினியம். அதில் பிடிப்பது வெண்தூள். சாம்பலோ சலவைச் சோடாவோ கோஸ்ரிக் சோடாவோ அதில் படக் கூடாது, காரம் அலுமினியத்தைக் கரைக்கும். பிறாசோ போன்ற உலோகப் பொலிஷைத் துணியில் சிறிது தொட்டு ஒரே திசையில் தேய்த்தால் போதும். அது இல்லாவிட்டால் வெள்ளைப் பற்பசையும் ஓரளவு செய்யும். புதிய வண்டிகளில் இந்த மூடிகளின் மேல் நிறமற்ற வார்னிஷ் பூச்சு இருக்கும். அதன் கீழே வெள்ளைப் புழு ஊர்ந்தது போன்ற கோடுகள் தெரிந்தால் மேலே எவ்வளவு தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அவை பூச்சுக்குள் இருக்கின்றன. பூச்சைத் தின்னரால் முழுவதும் அகற்றிவிட்டு மினுக்கினால்தான் உண்டு. அதன்பின் ஒவ்வொரு மாதமும் நீங்களே மினுக்க வேண்டி வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

அலுமினியத்தில் பூட்டிய இரும்பு நட்டுகள் இறுகிக் கழற்ற முடியாமல் போவது உங்களுக்குத் தெரியும். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு நடுவில் உப்புநீரும் நின்றால் பற்றரியில் நடப்பது போலவே ஒன்று மற்றொன்றைத் தின்னும். எந்த நட்டைக் கழற்றினாலும் புரியில் துளி கிறீஸ் தொட்டுப் பூட்டுங்கள்.

பெயின்ற் அடித்த இடங்களில் கறள் கண்டால் அதன் மேலேயே புதுப் பெயின்றை அடித்து மறைப்பவர்கள் அநேகர். ஆறாத புண்ணின் மேல் பிளாஸ்ரர் ஒட்டுவது போன்றது அது. உப்பிய பெயின்றைச் சுற்றிலும் நல்ல இடம் வரும்வரை சுரண்டி, அரத்தாளால் வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து (இங்கே அரத்தாள் பிழையில்லை), தின்னர் தொட்ட துணியால் துடைத்து, ரெட் ஒக்சைட் இரண்டு தடவை அடியுங்கள். ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகே மற்றது. அதற்கு மேல்தான் நிறம். நிறம் வாங்கக் காசில்லாவிட்டால் ரெட் ஒக்சைட்டோடு விட்டாலும் வெறும் இரும்பாக விடுவதிலும் பார்க்க மேல். ஆனால் அது நீரை முழுவதும் தடுக்காது, மாரிக்கு முன் ஒரு பூச்சுத் தேவை.

எதைப் பூசுவது?

எண்ணெய், கிறீஸ், மெழுகு எல்லாவற்றின் வேலையும் ஒன்றுதான், நீரையும் காற்றையும் இரும்புக்கு அண்ட விடாதிருப்பது. மண்ணெண்ணெய் துடைக்க நல்லது, காக்க உதவாது. இரண்டொரு நாளில் பறந்துவிடும். தேங்காயெண்ணெய் பூசுவோர் உண்டு. அவசரத்துக்கு ஆகும், ஆனால் நாளடைவில் பழுதடைந்து பிசுபிசுத்துத் தூசியைக் கூட்டும். கராஜில் வடித்த பழைய ஒயிலைச் சட்டத்தின் கீழே பூசுவது வன்னியில் பரவலான வழக்கம். ஒன்றுமில்லாததற்கு அது மேல் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த ஒயிலில் எரிந்த கசடும் அமிலமும் உலோகத்தூளும் உண்டு. தொடர்ந்து தோலில் படுவது புற்றுநோய்க்கும் இடமளிக்கும். கையில் பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டு பூசுங்கள், கிணற்றடியில் செய்யாதீர்கள், பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

குரோமியத்துக்கும் பெயின்றுக்கும் வாகன மெழுகு சிறந்தது. விலை கூடவாகத் தோன்றினால், வெள்ளை மெழுகுதிரித் துண்டுகளை மெல்லியதாகச் சீவி ஒரு ரின்னில் போட்டு, மூடும் அளவுக்கு மண்ணெண்ணெய் விட்டு உச்சி வெயிலில் வையுங்கள். இடையிடையே கிளறினால் களி போல ஆகும். அடுப்பில் வைத்து உருக்க நினைக்க வேண்டாம். மண்ணெண்ணெய் ஆவி தீப்பிடிக்கும், கொட்டிலோடு போகும். இந்தக் களியைத் துணியால் மெல்லியதாகப் பூசி, சற்று உலர்ந்ததும் இன்னொரு துணியால் துடைத்துவிட்டால் மெழுகு மாத்திரம் படலமாக நிற்கும். சில்லுக் கம்பிகளுக்கு இது மிகவும் பொருத்தம். சைலன்சரில் பூசினால் சூட்டில் எரிந்து கறை பிடிக்கும். ரயர், பிறேக், கால்மிதி, சீற் ஆகியவற்றில் எந்த எண்ணெயும் படக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறோம்.

செயினை மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் கொண்டு கழுவி, காயவைத்து, கியர் ஒயிலைத் துளித்துளியாக உட்பக்கத்தில் விடுங்கள். மிஞ்சியதைத் துடைத்து எடுங்கள். வழியவிட்ட ஒயில் மணலைப் பிடித்துச் செயினை அரைக்கும்.

சைலன்சர் வெளியால் மட்டும் உக்குவதில்லை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக வெளியேறுகிறது என்றால் நம்புவீர்களா? தூரப் பயணத்தில் அது சூட்டோடு போய்விடும். வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு என்று மட்டும் ஓடும் வண்டியில் அது உள்ளேயே குளிர்ந்து, புகையிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து தங்கும். வெளியே மினுக்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஓட்டை விழுகிறது. சைலன்சரின் அடியில் ஒரு சிறு துவாரம் வைத்திருந்தால் அது நீர் வடியத்தான். சேறு அடைத்தால் கம்பியால் குத்தி விடுங்கள். கிழமைக்கு ஒரு தடவையாவது அரைமணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள்.

நீண்டநாள் நிறுத்த வேண்டி வந்தால்

2022 இல் கியூ.ஆர். அட்டைக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோல் என்று வந்தபோது பலர் வண்டியை நிறுத்திவிட்டார்கள். வெறும் தாங்கியோடு மாதக்கணக்கில் நின்ற வண்டிகளின் தாங்கிகள் உள்ளுக்குள் சிவந்தன. பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் வெறுந் தாங்கிக்குள் காற்று வந்துபோகும், அதன் ஈரம் சுவரில் வியர்த்து நிற்கும். நிறுத்துவதானால் தாங்கியை நிரப்பி நிறுத்துங்கள். பெற்றோல் இல்லாவிட்டால் முழுவதும் வடித்து, அரைக் கோப்பை எஞ்சின் ஒயிலை விட்டு எல்லாப் பக்கமும் படக் குலுக்கி வையுங்கள். ஏற்கெனவே கறள் பிடித்த தாங்கியைக் கழற்றி, வினாகிரி நிரப்பி ஒருநாள் வைத்து, அப்பச்சோடா நீராலும் பின் நன்னீராலும் அலசி, அந்த நேரமே வெயிலில் காயவைத்து ஒயில் பூச வேண்டும். இதில் ஒரு மணிநேரம் தாமதித்தாலும் கிணற்றில் இருந்து எடுத்த இயந்திரத்தின் கதைதான்.

பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு நாலைந்து முறை உதைத்துப் பூட்டுங்கள். பற்றரியைக் கழற்றி வேறாக வையுங்கள். சைலன்சர் வாயில் ஒயில் துணி அடைத்தால், மறக்காதிருக்க ஹாண்டிலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள். தறப்பாளால் இறுகப் போர்த்துக் கட்டும் வழக்கம் எம்மிடம் உண்டு. உள்ளே ஈரம் வியர்த்து, வெயிலில் நிற்பதைவிட விரைவாகக் கறள் பிடிக்கும். பழைய சேலையால் மூடி, தறப்பாளைக் கூரையாக மேலே உயர்த்திக் கட்டுங்கள், கீழால் காற்று ஓடட்டும். நிலம் மண் என்றால் சில்லுகளின் கீழே பலகைத்துண்டு.

கடைசியாக அந்த இலக்கம். பெரும்பாலான வண்டிகளில் செசி இலக்கம் ஹாண்டிலுக்குக் கீழே சட்டத்தின் கழுத்திலும், எஞ்சின் இலக்கம் எஞ்சினின் கீழ்ப்பக்கத்திலும் அடிக்கப்பட்டிருக்கும். வயர்கள் மறைப்பதால் கழுத்துப் பகுதியில் சேறு சேர்ந்து நிற்கும். அந்த இடத்தை அரத்தாளாலோ அரத்தாலோ தொடவே கூடாது. எழுத்து மங்கினால், மாற்றி அடித்த வண்டி என்ற சந்தேகம் உங்கள் மேல்தான் வரும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் கிறீஸ் தடவி வையுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை, மாரிக்கு முன் ஒன்று, மாரி கழிந்து ஒன்று. கிறீஸ் பூச முன் மெல்லிய கடதாசியை இலக்கத்தின் மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்துகள் அப்படியே கடதாசியில் எழும். திகதியிட்டு, ஒரு பிரதி பதிவுப் புத்தகத்துக்குள்ளும், மற்றது வேறு ஊரிலுள்ள உறவினர் ஒருவரிடமும் இருக்கட்டும்.